பழைய மோட்டாருக்குப் புதிய ரேடியேட்டர்

பழம்பொருளைப் பேணுதல் வேறு. பழம்பொருளைப் பூட்டி வைத்தல் வேறு. ஓடுதற்கென ஆக்கப்பெற்ற வண்டி ஓடாது நிற்குமாயின், எத்துணைப் பளபளப்புடன் நின்றாலும் அது பேணப்பட்டதாகாது. ஆயினும், அதனை ஓடச் செய்தற்பொருட்டு உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவோமாயின், முடிவில் எஞ்சுவது பழைய வண்டிதானோ அன்றி அதன் பெயர் மட்டுந்தானோ என்னும் ஐயம் எழும். இவ்விரண்டிற்கும் நடுவே நேர்வழி காண்டல் எளிதன்று. எங்கள் இல்லத்து மோட்டார் வண்டிக்கு ரேடியேட்டர் தேடப் புகுந்தபொழுது இவ்வுண்மையை யாம் நன்கு உணர்ந்தோம். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அவ்வண்டி 1930ஆம் ஆண்டில் ஆக்கப்பெற்ற ஃபோர்டு ‘ஏ’ மாதிரி. 1927 முதல் 1932 வரையில் இம்மாதிரி வண்டிகள் ஏறத்தாழ 48 இலட்சம் உலகிற்கு வந்தன. நான்கு சிலிண்டர், நாற்பது குதிரைத் திறன்; இன்றைய சிறு வண்டிகளும் இதனை முந்திச் செல்லும். எங்கள் ஊரோ பெரம்பலூருக்குக் கிழக்கே, சுண்ணாம்புக்கல் நிலத்தில் உள்ளது. பெரம்பலூரில் இருப்புப்பாதை இல்லையாதலின், இரயிலேறுவார் அரியலூருக்கே செல்லவேண்டும். பருத்தி வாணிகம் செய்த எங்கள் பாட்டனார் அதன் பொருட்டே இவ்வண்டியை வாங்கினார். ஆனால் வாணிகத்திற்கு ஓடியதினும் ஊருக்கு ஓடியதே மிகுதி. பிரசவ வேதனையுற்ற பெண்டிரையும் பாம்பு தீண்டியவரையும் நள்ளிரவிலே ஏற்றிக்கொண்டு திருச்சிராப்பள்ளி மருத்துவமனைக்குச் சென்றது இவ்வண்டியே. ஆதலின் இன்றும் முதியோர் இதனை உங்கள் வண்டி என்னார். ‘நம்மூர்ப் பிளஷர்’ என்றே வழங்குவர்.

சென்ற கோடையில் இவ்வண்டி ஐந்து கிலோமீட்டர் செல்லுமுன்னே கொதிக்கத் தொடங்கியது. மூடியின் வழியே ஆவி சீறிற்று. அடித்தொட்டியில் நீர் கசிந்தது. வெளியூர் வணிகர் ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்லியனுப்பினார். குடும்பத்தில் இளையோர் பலர் விற்றுவிடலாம் என்றனர். எங்கள் பெரியப்பா மட்டும் நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர், “கொடுப்பதானால் ஓடுகிற வண்டியாகக் கொடுங்கள், பிள்ளைகளா, நொண்டியாக அனுப்பாதீர்கள்” என்றார். அச்சொல்லே எங்களை ரேடியேட்டர் தேட ஏவியது.

ரேடியேட்டரின் தொழில் யாதெனின், யந்திரத்தின் வெப்பத்தைக் காற்றில் விடுதலாம். பெட்ரோல் எரிந்து பிறக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குளிர்விக்கும் நீரின் வழியாகவே வெளியேறவேண்டும். மோட்டார் தோன்றிய நாளில் இஃது ஒரு பெருந்தொல்லையாகவே இருந்தது. ஜெர்மானியரான வில்ஹெல்ம் மேபாக் என்பார் ஆயிரக்கணக்கான சிறு குழாய்களைத் தேன்கூடுபோல் அடுக்கி, அவற்றினூடே காற்றுப் புகச் செய்து, சிறிதளவு நீரே போதுமாறு அமைத்தார். 1901ஆம் ஆண்டில் வெளிவந்த மெர்ஸிடிஸ் வண்டியில் அத்தகைய ரேடியேட்டர் இருந்தது. எங்கள் வண்டியில் மேலே ஒரு பித்தளைத் தொட்டி, கீழே ஒன்று. இடையே குழாய்களும் அவற்றைத் தழுவிய மெல்லிய செப்பிதழ்களும் உண்டு. இவ்விடைப் பகுதியையே பட்டறையில் ‘கோர்’ என்பர். இதில் ஓடும் நீர் ஏறத்தாழ 11 லிட்டர். மூடி அழுத்தந் தாங்குவதன்று. நீர் மிகுந்தாலும் பொங்கினாலும் பக்கக் குழாய் வழியே வெளியேறிவிடும்.

புதிய ரேடியேட்டரைத் தேடுமுன், பழையது உண்மையில் கெட்டதோ என்று ஆராய்தல் முறையன்றோ? வண்டி கொதிப்பதற்குக் காரணம் பல. ஸ்டீயரிங்கின் அருகிலுள்ள நெம்புகோலால் தீப்பொறியின் காலத்தைப் பிந்த வைத்தாலும் யந்திரம் சூடேறும். காற்றாடி வார் தளர்ந்தாலும் அவ்வாறே. காற்றாடியும் தண்ணீர் பம்பும் ஒரே அச்சில் சுழல்வன ஆதலின், வார் நழுவினால் இரண்டும் ஒருங்கே சோரும். ரப்பர்க் குழாயின் உட்புறம் உரிந்து நீரோட்டத்தைத் தடுப்பதும் உண்டு. இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து, குற்றமில்லை எனத் தெளிந்த பின்னரே ரேடியேட்டரைக் கழற்றிப் பெரம்பலூருக்கு எடுத்துச் சென்றோம்.

அங்கே லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் ரேடியேட்டர் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் உளர். அவர் ஈயத்தை உருக்கி மேல்தொட்டியைப் பிரித்து எடுத்தார். உள்ளே கண்ட காட்சி எங்களைத் திகைப்பித்தது. குழாய்களிற் பாதிக்குமேல் வெள்ளைக் கல் அடைத்துக் கிடந்தது. “ரேடியேட்டர் கெடவில்லை, தம்பி, உங்களூர்த் தண்ணீர் இதைக் கல்லாக்கிவிட்டது” என்றார் அவர்.

அவர் கூறியது முற்றும் உண்மை. ஏறத்தாழப் பத்துக்கோடி ஆண்டுகட்கு முன் எங்கள் நிலத்தின் மீது கடல் பரந்திருந்தது. சாத்தனூரில் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் மண்ணியலறிஞர் 1940ஆம் ஆண்டில் கண்டறிந்த கல்மரம், 18 மீட்டருக்கு மேல் நீண்டு, அக்காலத்திற்குச் சான்றாய்க் கிடக்கின்றது. அக்கடலில் வாழ்ந்த சிப்பி முதலியவற்றின் ஓடுகளும் சேர்ந்து படிந்தவையே அரியலூர்ச் சிமெண்டு ஆலைகள் இன்று வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல். மழைநீர் அக்கல்லினூடே இறங்கும்போது சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டு கிணற்றை அடைகின்றது. அந்நீரைச் சூடேற்றினால் கரைந்த சுண்ணம் மீண்டும் கல்லாய்ப் படியும். எங்கள் வீட்டு வெந்நீர்த் தவலையின் அடியில் காணும் வெண்பற்றும் அதுவே. இப்படிவு செம்பு கடத்தும் வெப்பத்தில் நூற்றிலொரு பங்குதானும் கடத்தாது. கொதித்து இழந்த நீருக்கு ஈடாகக் கிணற்று நீரை ஊற்றுந்தோறும் புதிய சுண்ணம் புகுந்தது. புகுந்த சுண்ணத்தால் வண்டி மேலும் கொதித்தது. இங்ஙனம் பல்லூழிக்கு முன் மாண்ட சிப்பிகள் எங்கள் வண்டியின் மூச்சை அடைத்துவிட்டன!

இனி, மாற்றாக யாதைக் கொள்வது? எங்கள்முன் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, அலுமினிய ரேடியேட்டர். எடை குறைவு, குளிர்விக்கும் ஆற்றலும் நன்று. செம்பே அலுமினியத்தினும் ஒன்றரை மடங்குக்குமேல் வெப்பங் கடத்துமெனினும், அகன்ற குழாய்களாலும் ஈயமற்ற இணைப்பாலும் அலுமினியம் அக்குறையை ஈடுசெய்துகொள்ளும். ஆயினும், பிற வண்டிக்கென ஆக்கிய ஒன்றைப் பொருத்துவதற்கு எங்கள் வண்டியின் முன்புறச் சட்டத்தை அறுக்கவேண்டும். மேலும், வெறுந் தண்ணீரும் வார்ப்பிரும்பும் சேர்ந்தவிடத்தில் அலுமினியம் விரைவில் அரிக்கப்படும்; ஓட்டை விழுந்தால் எங்களூர்ப் பட்டறையில் அதனை ஒட்டுவார் இலர்.

இரண்டாவது, அமெரிக்காவிலிருந்து வரவழைத்தல். ‘ஏ’ மாதிரிக்கு அந்நாட்டில் இன்றும் புதிய ரேடியேட்டர்கள் பழைய வடிவிலேயே ஆக்கப்படுகின்றன. இதிலும் விழிப்பு வேண்டும்; 1928, 1929 ஆண்டுகளின் ரேடியேட்டரினும் 1930, 1931 ஆண்டுகளினது உயரமானது; ஒன்று மற்றொன்றிற்குப் பொருந்தாது. பொருத்தத்தில் இவ்வழி சிறந்ததே. ஆனால் கப்பற்கூலியும் சுங்கமும் சேர்ந்தால் எங்கள் கைக்கு எட்டாதாயிற்று.

மூன்றாவது, பழைய தொட்டிகளையும் பக்கச் சட்டங்களையும் வைத்துக்கொண்டு, கோரை மட்டும் அளவு கொடுத்துச் செம்பிலும் பித்தளையிலும் புதிதாகச் செய்வித்தல். பட்டறை முதியவர் இதனையே விரும்பினார். “அலுமினியம் ஓட்டையானால் தூக்கி எறியவேண்டியதுதான். இதை நான் ஒட்டுவேன், எனக்குப் பின் என் பையன் ஒட்டுவான்” என்றார்.

சட்டத்தையும் எண்ணிப் பார்த்தோம். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவுசெய்ய, நடுவண் அரசு 2021ஆம் ஆண்டில் விதி வகுத்தது. அடிச்சட்டம், மேற்கூடு, யந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் நிகழாதிருத்தல் வேண்டுமென்பது அவ்விதி. ஒரு ரேடியேட்டரின் பொருட்டு அடிச்சட்டத்தை அறுத்துவிட்டு, பின்னர் இது பழைய வண்டி என்று எம்முகத்தோடு விண்ணப்பிப்பது? ஆகவே மூன்றாம் வழியையே கொண்டோம்.

கோரின் அமைப்பிலும் ஒரு கேள்வி எழுந்தது. குழாய் வரிசைகளைக் கூட்டி, இதழ்களை நெருக்கிவைத்தால் இன்னும் குளிருமே என்றார் எங்கள் தம்பியருள் ஒருவர். பின்வரிசைக்குச் செல்லும் காற்று முன்வரிசையிலேயே சூடேறிவிடுமாதலின் வரிசையைக் கூட்டுந்தோறும் பயன் குறையும் என்றும், நெருங்கிய இதழ்களில் எங்கள் சாலைப் புழுதியும் பருத்திப் பஞ்சும் அடைத்துக்கொள்ளும் என்றும் முதியவர் விளக்கினார். எனவே பழைய அளவையொட்டியே செய்வித்தோம். முடிந்த ரேடியேட்டரைத் தொட்டி நீரில் அமிழ்த்தி உள்ளே காற்றைச் செலுத்தினார். ஒரு குமிழியும் எழவில்லை.

ஆயினும் வேலை அத்துடன் முடிந்துவிடவில்லை. யந்திரத்தின் உட்புறத்தையும் கழுவித் துருவை நீக்கினோம். பின்னர், வடித்த நீரில் துருத்தடுப்பு மருந்து கலந்து ஊற்றினோம். குறைந்தால் இட்டு நிரப்புவதற்கு இரண்டு கலன் வண்டியிலேயே இருக்கின்றன. பழைய நீரையே மீண்டும் ஊற்றுவதாயின், எத்தனை விலையுள்ள ரேடியேட்டரும் சில ஆண்டுகளில் அதே கல்லாகுமன்றோ? ஆதலின் ரேடியேட்டரைத் தேர்ந்ததனினும் நீரைத் தேர்ந்ததே எங்கள் முடிவுகளிற் சிறந்தது என்று கருதுகின்றோம்.

வைகாசி வெயிலில் பெரியப்பாவை முன்னிருக்கையில் அமர்த்தி அரியலூர் இரயில் நிலையம்வரை சோதனையாக ஓட்டிச் சென்று திரும்பினோம். வண்டி கொதிக்கவில்லை. வழி நெடுகிலும் அவர் ஒன்றும் பேசவில்லை. நிலையத்தில் இறங்கி ரேடியேட்டரின்மேல் ஒருகால் கையை வைத்துப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். விற்பனைப் பேச்சு இன்னும் முடிவுபெறவில்லை. யார் கொண்டாலும் ஓடுகின்ற வண்டியையே கொள்வர் என்னும் ஆறுதல் மட்டும் எங்கட்கு உண்டு. கொட்டகைச் சுவரில் ‘கிணற்று நீர் ஊற்றற்க’ என்று எழுதியும் வைத்துள்ளோம்.

மாணவ நண்பர்காள்! கெட்டுப்போன ஒன்றிற்கு மாற்றுத் தேடும் சமயம் வாழ்க்கையில் எவர்க்கும் வரும். அப்பொழுது கடையில் மிளிர்வது யாதென்று முதலிற் கேளாது, பழையது எதனாற் கெட்டது என்று கேட்பீராக. அடுத்து, புதியது பழுதுறின் அதனைச் செப்பஞ் செய்யும் கை நம் ஊரில் உண்டோ என்று கேட்பீராக. இவ்விரு கேள்விகட்கும் விடை கண்டபின் கொள்ளும் பொருள், விலை சிறிதாயினும், நெடுநாள் உழைக்கும்.