குழாய் விடும் மூச்சு

"மூடின பைப்புல நெருப்பு வைக்காதடா. முதல்ல ஓட்டையப் போடு." எனக்கு வெல்டிங் கற்றுக்கொடுத்த அண்ணன் வாரத்துக்கு நான்கு முறையாவது இதைச் சொல்வார். அதன் பொருள் சேலையூரில் ஒரு மொட்டைமாடியில் விளங்கியது. தகர ஷெட்டின் கால் ஒன்றில் கிளாம்பு பற்றவைக்க வேண்டும். 3 அங்குலச் சதுரக் குழாய், மேலே மூடி, கீழே கான்கிரீட்டுக்குள் புதைந்திருந்தது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. அடியில் டிரில் வைத்ததும் துருநிறத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பக்கத்தில் இருந்த பெயின்ட் டப்பாவைப் பிடித்தேன், நிறைந்தது. இன்னொன்றும் நிறைந்தது. அந்த ஓட்டை இல்லாமல் பற்றவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் கேட்கும்.

அந்த வீட்டுக்கார அம்மா வெள்ளத்தைக் காரணம் சொன்னார். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் தண்ணீர் புகுந்ததை மறந்தவர் இங்கே யாரும் இல்லை. ஆனால் மொட்டைமாடிக்கு எந்த வெள்ளமும் ஏறவில்லை. மேல் மூடியின் வெல்டிங்கைத் தேய்த்துப் பார்த்தேன். குண்டூசி முனை அளவில் ஒரு பொத்தல் இருந்தது. அதன் வழியாக டப்பா டப்பாவாகத் தண்ணீர் போகுமா?

போகும். குழாய் மூச்சு விடுகிறது. மதிய வெயிலில் இரும்பு 60 டிகிரி வரை காய்கிறது. உள்ளே இருக்கும் காற்று விரிந்து பொத்தல் வழியாக வெளியேறுகிறது. நான்கு மணிக்கு மேகம் திரண்டு மழை கொட்டுகிறது, குழாய் சட்டென்று குளிர்கிறது. உள்ளே மிஞ்சிய காற்று சுருங்கி, வெளியே போன அளவைத் திரும்பக் கேட்கிறது. அந்த நேரம் பொத்தலின் மேல் தண்ணீர் நின்றுகொண்டிருந்தால் காற்றுக்குப் பதில் அதைத்தான் உறிஞ்சும். மறுநாள் வெயிலில் மறுபடி காற்று மட்டும்தான் வெளியேறும். தண்ணீர் அடியில் தங்கிவிடும். இப்படி ஒரு ஐப்பசி, கார்த்திகை போதும்.

பாய்மரப் படகு ஒன்றின் மரம் என் பட்டறைக்கு வந்தபோது இந்தக் கணக்கு கையில் இருந்தது. மரம் என்று பெயரே தவிர, இன்றைய சின்னப் படகுகளில் அது பெரும்பாலும் அலுமினியக் குழாய். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னைப் பெண் நேத்ரா குமணன் பாய்மரப் படகோட்டிய பிறகு, பிள்ளைகளைத் தண்ணீருக்கு அனுப்பும் பெற்றோரை எங்கள் பக்கத்திலும் பார்க்கிறேன். கேம்ப் ரோட்டுக்கு அருகே இருக்கும் என்னிடம் ஆர்கான் வெல்டிங் உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக ஒரு சின்ன யானை வண்டியில், பின்னால் நீட்டிக்கொண்டிருந்த முனையில் சிவப்புத் துணி கட்டி, இரண்டு துண்டாக வந்து இறங்கியது லேசர் வகைப் படகின் மரம். கூடவே அப்பாவும் பதின்மூன்று வயது மகளும்.

"வெல்டிங் எதுவும் வேணாம் அங்கிள். உள்ள தண்ணி இருக்கு, அதான்" என்றாள் அவள். ஒரு முனையைத் தூக்கிச் சாய்த்தேன். சளக் என்று ஓடி மறுமுனையில் முட்டியது. முட்டுக்காட்டில் படகு கவிழ்ந்திருக்கிறது. கவிழ்வது பயிற்சியில் அன்றாடம் நடப்பதுதான். உள்ளே காற்று மட்டும் இருந்தால் மரம் நீரின் மேல் மிதந்து படகைப் பக்கவாட்டிலேயே நிறுத்தும். பிள்ளை அடிப்பலகையில் ஏறி நின்று சாய்த்து நிமிர்த்திவிடலாம். மரம் தண்ணீர் குடித்திருந்தால் நுனி அமிழ்ந்து படகு தலைகுப்புறப் புரளும். முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் ஆழம் குறைவு. நுனி போய்ச் சேற்றில் குத்திக்கொண்டது. நாற்பது கிலோ எடையுள்ள பிள்ளை எவ்வளவு தொங்கினாலும் அது நிமிராது. அவள் அதைச் சொன்னபோது குரலில் பயம் இல்லை, ஆனால் அப்பா முகத்தில் இருந்தது. அன்று வேறு வேலை எதையும் தொடவில்லை.

கீழ்த்துண்டு சுமார் 3 மீட்டர், உள்ளே 7 லிட்டருக்கு மேல் காற்று. கரையில் வெயிலில் கிடந்து 60 டிகிரி சூடேறிய குழாயை 27 டிகிரி தண்ணீரில் சாய்த்தால் காற்று பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதாவது ஒரே கவிழ்ப்பில் 700 மில்லி வரை உறிஞ்சும் வலு, அதுவும் ஒரு ரிவிட்டின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும்.

பொத்தலைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பக்கத்துப் பஞ்சர் கடையில் செய்வதேதான்: ஒரு முனையை அடைத்து, சைக்கிள் பம்ப்பால் மெல்லக் காற்று கொடுத்து, சோப்புத் தண்ணீர் பூசினால் குமிழி தானே காட்டிக்கொடுக்கும். மெல்ல என்பது முக்கியம்; வேகமாக அடித்தால் மூடியே கழன்று பறக்கும். அந்த மரத்தில் மேல் மூடியைச் சுற்றி ஒன்று, ரிவிட்டுகளில் இரண்டு. மூடியைக் கழற்றி, உப்பு போக நல்ல தண்ணீர் விட்டு அலசி, இரண்டு நாள் சாய்த்துக் காயவைத்தேன். பழைய ரிவிட்டுகளைத் துளைத்தெடுத்து, பின்முனை மூடிய ரிவிட்டுகளைச் சீலன்ட்டில் தோய்த்து அடித்தேன். வினிகர் நெடி அடிக்கும் சிலிக்கானை அலுமினியத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது, அந்த அமிலம் உலோகத்தை அரிக்கும். பாலியூரிதேன் பசைதான் சரி.

மூடியை எப்போது வைப்பது என்பதில்தான் முதலில் தவறினேன். மதியம் வைத்தேன். சூடான காற்றைச் சிறைவைத்துவிட்டு, சாயங்காலம் பார்த்தால் காயாத பசையை மரம் உள்ளே இழுத்து ஓரத்தில் குழி விழுந்திருந்தது. மறுநாள் விடியற்காலையில் வைத்தேன். வெயில் ஏற ஏற உள்ளிருந்த காற்று பசையை ஊதிக் கொப்புளமாக்கிவிட்டது. மூன்றாவது முறை, பசை காயும்வரை மூச்சு விட ஒரு வழி இருக்கட்டும் என்று ஒரு ரிவிட் துளையைத் திறந்தே விட்டேன். மூடி நன்றாக இறுகிய பிறகு, குளிர்ந்த காலை ஒன்றில் அந்தக் கடைசித் துளையை அடைத்தேன். இந்த வகைப் போட்டிப் படகில் புதிதாகத் துளை போட விதி இடம் தராது. இருக்கிற துளையைத்தான் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

இதையே பெரிய படகுக்குச் செய்தால் மரத்தைக் கொன்றுவிடுவோம். சென்னைத் துறைமுகத்துக்குள் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் அடியில் கனம் கட்டிய படகுகளைப் பார்க்கலாம். அந்த வகையில் பாயை ஏற்றும் கயிறு பெரும்பாலும் மரத்துக்குள்ளேயே ஓடும். உச்சியில் கப்பிக்கு வாய் திறந்திருக்கும். அதை அடைக்க முடியாது, மழை இறங்கியே தீரும். அங்கே காக்க வேண்டியது மரத்தின் அடியில் நீர் வடியும் துளையை. அது இலையும் உப்பும் அழுக்கும் சேர்ந்து அடைபட்டால், நின்ற நீர் அலுமினியத்தை அடியிலிருந்து வெள்ளைப் பொடியாக்கும். குளிர்நாடுகளில் இன்னும் மோசம்: உள்ளே நின்ற நீர் உறைந்து 9 சதவீதம் பெருகி, மரத்தை நீளவாக்கில் பிளந்துவிடும்.

அடைப்பதா, வடிப்பதா? இரண்டில் எது என்று முதலிலேயே முடிவெடுக்காமல் அரைகுறையாக மூடிய குழாய்தான் எனக்குப் பிடிக்காத பொருள். கோவளத்துப் பெரியவர் ஒருவர் இதைக் கட்டுமரத்தை வைத்துச் சொன்னார். அந்தக் கட்டைகள் தண்ணீர் குடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கரை ஏறியதும் கயிற்றை அவிழ்த்து, கட்டை கட்டையாகப் பிரித்து மணலில் உலர்த்துவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு பெருகிய ஃபைபர் படகுகளை அப்படிப் பிரிக்க முடியாது. விரிசல் வழியே உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஊறினால் படகு வருடத்துக்கு வருடம் கனக்கும். "குடிச்சது தெரியாது தம்பி, இழுக்கும்போதுதான் தெரியும்" என்றார்.

இப்போது ஷெட் போடும்போது மேல் மூடியை முழுச்சுற்றும் பற்றவைக்கிறேன். அதோடு ஒவ்வொரு காலின் அடியிலும், தளத்துக்கு ஒரு விரல் மேலே 6 மி.மீ. துளை போடுகிறேன். துளைக்குக் கீழே உள்ள பகுதியை முன்கூட்டியே சிமென்ட் பாலால் நிரப்பிவிடுகிறேன். "புது பைப்புல எதுக்குப்பா ஓட்டை?" என்று கேட்காத வீடு இல்லை. சிலர் நான் போன பிறகு பட்டி வைத்து அடைத்தும் விடுகிறார்கள். குளவிகளும் அதே வேலையைச் செய்கின்றன. அந்த அளவுத் துளை அவற்றுக்கு மண்கூடு வைக்க வாகானது.

அதனால் புரட்டாசிக் கடைசியில், பெருமழைக்கு முன்னால், பழைய குடைக்கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு போட்ட ஷெட்டுகளை ஒரு சுற்று பார்த்து வருகிறேன். போன வருடம் செம்பாக்கத்தில் ஒரு காலில் கம்பியை விட்டுத் திருகியதும் காய்ந்த மண் உதிர்ந்தது. பின்னாலேயே ஒரு வாய் தண்ணீர், அதிகம் துருவேறாமல், வெதுவெதுப்பாக வந்து என் கையில் விழுந்தது.