பெண் கேட்க வந்தவர்கள் பூவைப் பற்றிப் பேசினார்கள்

ஜோகூர் பாருவில் எங்கள் பக்கத்து வீட்டு மாக்சிக்குக்கு ஒரே மகள். 'மாக்சிக்' என்றால் மலாயில் அத்தை, சித்தி மாதிரி. வயதில் மூத்த பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் மலாய் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்கு இந்தோனேசியாவின் தஞ்சோங் பினாங்கிலிருந்து வரன் வந்தது. "ஒரே பெண்ணை வெளிநாட்டுக்குக் கொடுக்கிறேனே" என்று பத்து நாளாக என்னிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

அந்த வெளிநாடு ஒன்றும் தூரமில்லை. காலையில் இங்கே படகு ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம்.

பெண் கேட்க வந்த அன்று, பலகாரத் தட்டு எடுத்துவைக்க நானும் போயிருந்தேன். இரு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். யாரோ ஒருவர் பாத்திக் சட்டையைப் பாராட்ட, அங்கே பிடித்தது வினை. "பாத்திக் எங்களுடையது" என்றான் மாப்பிள்ளையின் தம்பி. "எங்கள் ஊரிலும் காலங்காலமாகப் போடுகிறோம்" என்றான் பெண்ணின் அத்தை மகன். 2007-ல் மலேசியச் சுற்றுலா விளம்பரத்தில் 'ராசா சாயாங்' பாட்டு வந்ததற்கு இந்தோனேசியாவில் கிளம்பிய எதிர்ப்பு வரைக்கும் பேச்சு போய்விட்டது. மாக்சிக்கின் முகம் வாடிப்போனது.

அப்போது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு பந்துன் சொன்னார்.

பந்துன் என்பது நாலு வரிப் பாட்டு. முதல் வரியும் மூன்றாம் வரியும் ஒரே ஓசையில் முடியும். இரண்டாம் வரியும் நான்காம் வரியும் இன்னொரு ஓசையில் முடியும். முதல் இரண்டு வரிக்குப் பெயர் 'பெம்பாயாங்'. அதற்குள் இருக்கும் 'பாயாங்' என்ற சொல்லுக்கு நிழல் என்று பொருள். அதில் மீன், மழை, ஆற்றங்கரை என்று ஏதாவது வரும். கடைசி இரண்டு வரிதான் 'மக்சுட்'. சொல்ல வந்த விஷயம் அதில்தான் இருக்கும்.

உங்கள் தோட்டத்தில் ஒரு பூ இருப்பதாகக் கேள்விப்பட்டோம், யாராவது வேலி போட்டாச்சா என்கிற அர்த்தத்தில் அவர் கேட்டார். பெண்ணின் பெரியப்பா உடனே பதில் பந்துன் எடுத்துவிட்டார். பூ இருக்கிறது, ஆனால் செல்லமாக வளர்ந்தது, தண்ணீர் ஊற்ற ஆள் உண்டா என்று. சிரிப்பு கிளம்பியது. பதிலுக்குப் பதில் போய்க்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் பெரியப்பா கடைசிச் சொல் மறந்து தடுமாற, எடுத்துக்கொடுத்தது யார் என்கிறீர்கள்? பாத்திக் சண்டை போட்ட அந்த மாப்பிள்ளைத் தம்பிதான்!

எல்லோரும் போனபிறகு மாக்சிக்கிடம் கேட்டேன். "அது எப்படி அவர்களுக்கும் இதெல்லாம் தெரிகிறது?"

"எங்கள் தாத்தா அந்தப் பக்கத்துத் தீவிலிருந்து வந்தவர்தானே, மகளே" என்றார். ஜோகூரும் ரியாவ் தீவுகளும் ஒரே சுல்தானின் கீழ் இருந்தவை. 1824-ல் லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் ஒப்பந்தம் போட்டு, இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கோடுதான் இன்றைக்கு இரண்டு நாட்டு பாஸ்போர்ட்.

பாட்டு மட்டும் அந்தக் கோட்டுக்குக் கட்டுப்படவில்லை. தஞ்சோங் பினாங்குக்கு எதிரே பெஞ்ஞெங்காட் என்று ஒரு குட்டித் தீவு. அங்கே வாழ்ந்த ராஜா அலி ஹாஜி 1847-ல் 'குரிந்தாம் துவா பெலாஸ்' எழுதினார். இரண்டிரண்டு வரியில் அறம் சொல்லும் நூல். நமக்குத் திருக்குறள் நினைவுக்கு வரும். அவர் இந்தோனேசியாவின் தேசிய வீரர். மலேசியாவிலும் மலாய் இலக்கியம் என்று பேச ஆரம்பித்தால் அவர் பெயர் வந்தே தீரும். 2020-ல் இரண்டு நாடுகளும் சேர்ந்து விண்ணப்பித்து, பந்துனை யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தன. இது யாருடையது என்று கேட்டால் இருவருடையதும்தான்.

"உன் ஊர் நாகப்பட்டினம்தானே? அப்துல்லா முன்ஷி யார் தெரியுமா?" என்று என்னையும் இழுத்துவிட்டார் மாக்சிக். தன் வரலாற்றை மலாயில் எழுதிய மலாக்காக்காரர் அவர். ஏமனிலிருந்து வந்த அவருடைய முன்னோர் பெண் கட்டிய ஊர் நம் நாகூர்! கணக்கு வழக்கெல்லாம் அப்போது தமிழில் நடந்ததால், சிறுவயதில் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினாராம் அப்பா. கடையைக் 'கெடாய்' என்றும், கப்பலைக் 'காப்பால்' என்றும், பெட்டியைப் 'பெத்தி' என்றும் இவர்கள் சொல்வது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கல்யாணம் முடிந்து பெண் புறப்பட்ட நாள் படகுத்துறைக்குப் போயிருந்தோம். மாக்சிக் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பந்துன் ஆரம்பித்தார். படகைப் பற்றி இரண்டு வரி சொன்னார். அடுத்த இரண்டு வரிக்குக் குரல் எழும்பவில்லை. மகள்தான் அழுதுகொண்டே அதை முடித்தாள்.

எனக்கு என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமாகி நான் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "ஊறுகாய் பாட்டில் மூடியை இறுக்கி மூடினியா? எண்ணெய் கசிஞ்சிடப் போகுது" என்று மட்டும் நாலு தடவை கேட்டாள். இவ்வளவுதானா என்று விமானத்தில் உட்கார்ந்து கோபப்பட்டேன். அம்மா முதல் இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டாள் என்பது புரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அன்று இரவு போன் போட்டேன். வழக்கம்போல, "அங்க மழையா?" என்றாள்.

"ஆமாம்மா, நல்ல மழை. எனக்கு உன்னைப் பார்க்கணும் போல இருக்கு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஊறுகாய் தீர்ந்துடுச்சா?" என்றாள்.