அருணாசல யாத்திரை: ஸ்வாமினியின் பஜனை

சென்ற இதழில் நான் வருணித்த கந்தாசிரமத்துப் பாதை, மலைச்சரிவில் இறங்கி, ரமணாசிரமத்தின் பின்வாயிலில் வந்து முடிகிறது. செங்கம் சாலையின் இரைச்சலை முன்வாயிலிலேயே நிறுத்திவிட்டு, இலுப்பை மரத்தடியில் மயில்கள் உலவும் அந்த வளாகத்தில், மகரிஷி நெடுங்காலம் வீற்றிருந்த பழைய ஹாலில், அவருடைய சோபாவின் எதிரே அமர்ந்தபோது, என் மனம் அமெரிக்காவின் கறுப்பின மக்களுடைய சங்கீதத்தை நாடிச் சென்றது. அதற்குக் காரணம் உண்டு.

கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்த ராமசுவாமி என்பவர், மனைவியை இழந்தபின் ஞானிகளைத் தேடிப் புறப்பட்டு, இங்கே மகரிஷியின் சந்நிதியிலும் சில காலம் இருந்தார். இடக் கையில் கட்டி தோன்றி, மகரிஷிக்குச் சஸ்திர சிகிச்சைகள் நடந்த 1949ஆம் ஆண்டில், அந்த வேதனையைக் காணச் சகியாமல் வடக்கே ரிஷிகேசம் சென்று, சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்றுச் சச்சிதானந்தர் ஆனார். 1966இல் நியூயார்க் சென்ற அவரிடம்தான், பின்னர், துக்கத்தால் நிலைகுலைந்திருந்த ஒரு கறுப்பினப் பெண்மணி வந்து சேர்ந்தார்.

அவர் பெயர் அலிஸ் கோல்ட்ரேன். தெற்கு மாகாணங்களின் கொடுமைக்குத் தப்பிய கறுப்பினக் குடும்பங்கள் மோட்டார்த் தொழிற்சாலை வேலையை நம்பி வந்து குடியேறிய டெட்ராய்ட் நகரத்தில் 1937இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஆராதனைப் பாடல்களுக்குப் பியானோவும் ஆர்கனும் வாசித்தவர். ஜாஸ் மேதையான அவர் கணவர் ஜான் கோல்ட்ரேன், நம் சங்கீதத்தின்மேல் கொண்ட பக்தியால் தம் மகனுக்கு ரவி சங்கரின் பெயரைச் சூட்டியவர். அவர் 1967 ஜூலையில் காலமானபோது, நான்கு குழந்தைகளுடன் தனித்து நின்ற அலிஸ், உறக்கமும் உணவும் குறைந்து, உடல் மெலிந்து தவித்தார். கணவர் வாங்கப் பணித்திருந்த ஹார்ப் என்னும் பெரிய நரம்பு வாத்தியம் அவர் மறைவுக்குப் பின்னரே வீடு வந்து சேர்ந்தது; அதையே அலிஸ் தமது வாத்தியமாக்கிக்கொண்டார். தம்பூராவின் சுருதியில் ஹார்ப்பின் நாதம் மிதந்து வரும் அவருடைய 1971ஆம் ஆண்டு இசைத்தட்டு, சச்சிதானந்தரின் பெயரையே தாங்கியிருக்கிறது. துணையை இழந்த இருவர் குருவும் சிஷ்யையுமாகச் சந்தித்தார்கள் என்பது என் மனத்தை விட்டு நீங்குவதில்லை.

பிற்காலத்தில் துரியசங்கீதானந்தா என்ற நாமத்துடன் காவியுடுத்த அவர், 1983இல் கலிபோர்னியாவின் மலைப்பகுதியில் ஓர் ஆசிரமம் நிறுவினார். அங்கே பெரும்பாலும் கறுப்பின அன்பர்களே குடும்பங்களாக வாழ்ந்து, அவரை ஸ்வாமினி என்றழைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிக் கைதட்டிப் பஜனை பாடினார்கள். அவர் ஆர்கன் வாசிக்க, ராமனும் கிருஷ்ணனும் சிவனும் அந்தப் பாட்டில் எழுந்தருளினார்கள். ஆனால் பாடும் முறை டெட்ராய்ட் தேவாலயத்தினுடையது. அடிமைகளாகத் தோட்டங்களில் வாடிய முன்னோர், ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் எதிரொலிக்கப் பாடிப் பாடி உயிரைக் காத்துக்கொண்ட முறை அது. நம் பஜனை கோஷ்டியிலும் அதுவே வழக்கமல்லவா?

நம் நாட்டு ஞானம் கடல் கடந்து அவர்களை உய்வித்தது என்று மட்டும் நாம் பெருமை பேசிக்கொள்வது, என் சித்தத்துக்கு, பாதிக் கணக்கேயாகும். 1865இல் சட்டத்தளவில் விடுதலை பெற்றும் நெடுங்காலம் அவமதிக்கப்பட்ட ஒரு ஜனசமூகம், தன் கண்ணீரிலும் நம்பிக்கையிலும் வளர்த்த கானத்தை நம் நாமாவளிகளுக்குத் தானம் செய்திருக்கிறது. அலிஸ் தம் தேவாலயத்தைத் துறந்து நம்மிடம் வரவில்லை. அதையும் உடன் அழைத்துக்கொண்டே வந்தார்.

அவர் 2007இல் மறைந்தார். 2018 நவம்பரில் மூண்ட காட்டுத் தீயில் ஆசிரமக் கட்டடம் எரிந்துபோயிற்று. அன்பர்களுக்கென்று மட்டும் ஒலிநாடாக்களில் வெளியிட்ட பாடல்களோ, அதற்கு முந்திய ஆண்டே தொகுக்கப்பெற்று எல்லோருக்கும் கிடைக்கலாயின. மார்கழியில் வீதிவலம் வரும் நம் கோஷ்டியார் அவற்றை ஒருமுறையேனும் கேட்டு, இயன்றால் ஒரு நாமாவளியை அந்த மெட்டிலேயே பாட வேண்டுமென்பது என் ஆசை. கிரிவலப் பாதையைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.