தெற்கே ஒரு நடை – 5: வெயிலைப் பிடித்த கண்ணாடி

குற்றாலத்தில் சீசன் சமயத்தில் வெயில் ஓர் அபூர்வப் பண்டம். சாரல் தூவிக்கொண்டே இருக்கும். மேகம் கொஞ்சம் விலகினால் பேரருவிக்கு முன்னால் வானவில் விழும். காலைச் சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற கூட்டத்தில் பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அருவிக்கடியில் இடம் பிடிப்பதல்லவா முக்கியம்!

என்னோடு வந்த அண்ணாச்சி மட்டும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தென்காசிக்காரர், எனக்குத் தூரத்து உறவு. நெடுநாள் சர்க்கரை. சமீபத்தில்தான் திருநெல்வேலிக்குப் போய்க் கண்ணுக்கு லேசர் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“வலிச்சுதா அண்ணாச்சி?”

“சொட்டு மருந்து விட்டு, கண்ணு மேல ஒரு லென்ஸ வச்சு, நாடியத் தாங்கில வைக்கச் சொன்னாவ. அப்புறம் பச்சை பச்சையா வெட்டுது வே. மின்னல நேருக்கு நேரா பாத்த மாதிரி.”

அந்தப் பச்சைக்குக் காரணம் உண்டு. 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி கண்ணின் லென்ஸையும் உள்ளிருக்கும் தெளிந்த கூழையும் சூடாக்காமல் கடந்துபோய், விழித்திரையின் நிறமியிலும் இரத்தத்திலும்தான் உறிஞ்சப்படும். சர்க்கரையால் இரத்த ஓட்டம் குறைந்த விழித்திரையில் புதிதாக நொய்ந்த நாளங்கள் முளைக்கும். அவை உடைந்தால் பார்வை மறைந்துவிடும். விழித்திரையின் ஓரப் பகுதியில் பொட்டுப் பொட்டாக, ஆயிரத்துக்கும் மேல், சுட்டுவிட்டால் ஆக்சிஜன் தேவை குறைந்து அந்த நாளங்கள் சுருங்கும். ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காப்பாற்றுகிற பேரம்.

இந்தப் பச்சை லேசர் கருவியை மதுரையிலேயே ஆரோலேப் செய்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்த நிறுவனம். 1992இல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸில் தொடங்கியது. அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி எட்டயபுரத்துக்குப் பக்கத்து வடமலாபுரத்துக்காரர். 1976இல் அது 11 படுக்கைகள்தான்.

ஆனால் லேசர் வருவதற்கு முன்பே இந்த வைத்தியம் வந்துவிட்டது, அதுவும் வெயிலில். 1945இல் சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்தவர்களின் விழித்திரையில் விழுந்த தழும்பை ஜெர்மனியில் மேயர்-ஷ்விக்கெராத் என்ற கண் மருத்துவர் கவனித்தார். கேடு செய்ததையே மருந்தாக்க முடியாதா என்று யோசித்து, சூரியனைத் தொடர்ந்து திரும்பும் கண்ணாடியால் வெயிலைப் பிடித்து நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தினார். மேகம் வந்தால் சிகிச்சை நின்றுபோகும். குற்றாலச் சாரலில் அவரால் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்திருக்க முடியாது! பிறகு செனான் விளக்குக்கு மாறினார். லேசர் 1960இல் பிறந்தது. அடுத்த ஆண்டே நியூயார்க்கில் அது கண்ணுக்குள் போய்விட்டது.

வெயிலைப் பிடித்த இன்னொருவரின் ஊரைத்தான் போன வாரம் கடந்து வந்தோம். வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். 1928இல் கல்கத்தாவில் ராமனும் அவரும் 18 செ.மீ. அகலத் தொலைநோக்கி லென்ஸால் வெயிலைக் குவித்துத் திரவங்களுக்குள் விட்டார்கள். வெயிலின் வழியில் நீல-ஊதா வடிகட்டி. பார்ப்பவர் கண்ணுக்கு முன் மஞ்சள்-பச்சை வடிகட்டி. ஒன்று விடுவதை மற்றது தடுத்துவிடும், எதுவும் தெரியக்கூடாது. ஆனாலும் மங்கலாக ஓர் ஒளி தெரிந்தது. திரவம் வெயிலின் நிறத்தையே மாற்றியிருந்தது. சுமார் 60 திரவங்களில் பார்த்தார்கள். நேச்சர் இதழில் வந்த முதல் குறிப்பில் இருவர் பெயரும் உண்டு. 1930 நோபலில் ஒருவர் பெயர்தான். நம் பாடப்புத்தகங்களாவது வத்திராயிருப்பை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம் என்பது என் கட்சி.

ஒவ்வொரு பொருளும் நிறத்தைத் தனக்கே உரிய அளவில்தான் மாற்றும். அந்த அளவைப் பார்த்து, டப்பாவைத் திறக்காமலே போலி மாத்திரையைக் கண்டுபிடிக்கிற கைக்கருவிகள் இன்று இருக்கின்றன. வெயிலுக்குப் பதிலாக அவற்றுக்குள் லேசர்.

கிருஷ்ணன் பிறகு டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். இந்தியாவில் ஒரு மீட்டர் எவ்வளவு நீளம் என்று சொல்ல வேண்டிய இடம் அது. 1983 முதல், ஒளி ஒரு நொடியில் போகும் தூரத்தில் 29,97,92,458இல் ஒரு பங்குதான் மீட்டர்; அதை நடைமுறையில் அளந்து காட்டுவது லேசர். கிருஷ்ணன் 1961 ஜூனில் காலமானார். லேசர் பிறந்த செய்தி அவர் காலத்திலேயே வந்துவிட்டது; அது செய்யப்போகிற வேலைகளைப் பார்க்க அவர் இல்லை.

தென்காசியில் விசுவநாதர் கோபுரத்தடியில் கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டு, மதியம் பிரானூர் பார்டருக்குப் போனோம். அண்ணாச்சி மூன்று பரோட்டா சொன்னார்.

“போன பார்வை திரும்பாது, சர்க்கரையைக் குறைச்சாத்தான் இருக்கிறதாவது நிக்கும்னு டாக்டர் சொல்லலியா அண்ணாச்சி?”

“சொன்னாவ, சொன்னாவ. இன்னும் ஒரு தடவை லேசர் பாக்கி இருக்குல்லா, அதுல சரி பண்ணிருவாவ” என்று சால்னாவை ஊற்றிக்கொண்டார்.

(தொடரும்)