தும்பிக்கை போன எழுத்து

மாயவரத்தில் நாம் உபாத்தியாயராக அமர்ந்தது 1965-ஆம் வருஷத்தில். 1978-இல் சர்க்கார் உத்தரவு ஒன்று வந்தது. பெரியார் 1935-இலேயே கையாண்ட முறையைத் தழுவிப் பதின்மூன்று எழுத்துக்கள் உருமாறின. ணை, லை, ளை, னை என்னும் நான்கும் தும்பிக்கையை இழந்தன. ணா, றா, னா முதலியவை சுழியை விட்டுத் துணைக்காலை ஏற்றன. குழந்தைகளுக்கு இதனால் சிரமம் குறைந்தது என்பதில் சந்தேகமில்லை.

சில வருஷங்கள் சென்றன. விடுதியில் தங்கிப் படித்த சிறுவன் ஒருவன் பாட்டியின் கார்டை நம்மிடம் நீட்டி, "ஸார், உடம்பு சரி என்று எழுதியிருக்கிறாள், அப்புறம் ஏதோ யானை வரைந்திருக்கிறாளே!" என்றான். நாம் வாங்கிப் படித்தோம். 'உடம்பு சரியில்லை, ஒரு நடை வந்து போ' என்றிருந்தது. அன்று மாலையே அவனை ரயிலேற்றி அனுப்பினோம். அவன் பாட்டியைக் கண்டான்.

அதுமுதல் ஓய்வு பெறும் வரையில், வருஷந்தோறும் முதல் நாளன்று பழைய எழுத்துக்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்டி வந்தோம்.

1982-இல் ஊரின் பெயரே மயிலாடுதுறையாயிற்று. 2020-இல் அது ஜில்லாவின் தலைநகருமாயிற்று. ஆயினும் மாயவரம் என்னும் பெயர் முதியோர் நாவில் வாழ்கிறது. பழைய எழுத்துக்களுக்கோ பரண்மேல் பெட்டிகளே புகலிடம். நேயர்களே, அப்பெட்டிகளைப் பழைய பேப்பர்காரனிடம் போடுமுன், பேரக் குழந்தைகளை அருகில் அமர்த்தி ஒரு கடிதத்தையாவது படித்துக் காட்டுங்கள்.