மூணு கேரம் போர்டும் ஒரு தராசும்

எங்க ஊர்ல இப்ப மூணு கேரம் போர்டு இருக்கு. ஒண்ணு எங்க அப்பா காலத்துல உள்ளூர் ஆசாரி செஞ்சது. இன்னொண்ணு 1990 வாக்குல இளைஞர் மன்றத்துக்குன்னு டவுன்ல வாங்கினது. மூணாவது இந்தத் தை மாசம் வந்தது. எது நல்ல போர்டுங்கிற சண்டை டீக்கடையில தினமும் நடக்குது. நான் மூணுலயும் ஆடியிருக்கேன். அதனால எனக்குத் தெரிஞ்சதை எழுதுறேன்.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு விவரம். எங்களுடையது காவிரித் தண்ணிய நம்பின பூமி. சம்பா அறுத்து, உளுந்து தெளிச்சாச்சுன்னா மேட்டூர்ல தண்ணி திறந்து வாய்க்கால்ல வர்ற வரைக்கும் பெரிய வேலை கிடையாது. அந்த மாசங்கள்ல ஆம்பளைங்களுக்குச் சீட்டு, இல்லேன்னா கேரம். சீட்டுல காசு போகும். கேரத்துல பவுடர் மட்டும்தான் செலவு.

முதல்ல ஆசாரி போர்டு. அப்ப எங்க பக்கம் பிளைவுட் கிடைக்காது. மாம்பலகையை இழைச்சு, மூணு பலகையைச் சேர்த்து ஒட்டி, சுத்தி பூவரசங்கட்டையில சட்டம் அடிச்சிருப்பார். அளவெல்லாம் அவர் கண்ணளவுதான். பாக்கெட் ஓட்டையும் கொஞ்சம் பெருசு. பலகை சேர்ற இடத்துல காய் லேசாத் துள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில மரம் ஈரத்தைக் குடிச்சு ஓரம் தூக்கிக்கும், நடுவு பள்ளமாகும். மெதுவாத் தட்டினா காய் பாதி வழியில நின்னுடும். அதனால ஸ்ட்ரைக்கர் கனமா இருந்தே ஆகணும். மாட்டுக்கொம்புல அறுத்து, கண்ணாடித் துண்டால சுரண்டி, எண்ணெய் போட்டுத் தேய்ச்சு வச்சிருந்தாங்க. அதை நகைக்கடைத் தராசுல நிறுத்துப் பார்த்தோம். 21 கிராம்.

அந்த போர்டுல ஆடணும்னா மரத்தைப் படிக்கத் தெரியணும். மேக்கால சட்டத்துல அடிச்சா நல்லாத் திரும்பும், கிழக்கால சட்டம் செத்த கட்டை, பாதிதான் திரும்பும். பழகினவங்களை வெளியூர்க்காரன் ஜெயிக்கவே முடியாது. இப்ப யோசிச்சா, அவங்க ஜெயிச்சதுல பாதி ஆட்டம், பாதி அந்தப் பலகையோட பழக்கம்.

மன்றத்து போர்டு வேற மாதிரி. பிளைவுட்ங்கிறது மரத்தை மெல்லிசாச் சீவி, ஒரு தாள் நீளவாக்கு, அடுத்த தாள் குறுக்குவாக்குன்னு அடுக்கி ஒட்டுறது. ஒண்ணு வளையப் பார்த்தா இன்னொண்ணு விடாது. அதனால ஆசாரி போர்டு மாதிரி ஓரம் தூக்காது. ஆனா அன்னைக்கு எங்ககிட்ட இருந்த காசுக்குக் கிடைச்சது மெல்லிசுப் பலகை. நாலு பேர் முழங்கையை ஊனி ஊனி, ரெண்டு வருஷத்துல நடுவுல தொய்ஞ்சு போச்சு. ஓரத்துல போற காய்கூட நடுவுக்கு இழுக்கும். ஸ்ட்ரைக்கர் பிளாஸ்டிக்குல, உள்ளே சினிமா நடிகர் படம் போட்டு வரும். ஒண்ணு 14 கிராம் இருக்கும், இன்னொண்ணு 18 இருக்கும். யாரும் எடை பார்த்தது கிடையாது. அந்த போர்டுல வளர்ந்த எங்க பசங்க ஓங்கி அடிக்கிறதுல சூரனுங்க. ஒரே அடியில மூணு காய் விழுந்தா கைதட்டல்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி நாலு பசங்க வெளியூர்ப் போட்டி ஒண்ணுக்குப் போனாங்க. கூட நானும் போயிருந்தேன். ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு சின்னத் தராசுல ஸ்ட்ரைக்கரை வச்சுப் பார்த்தாங்க. 15 கிராமுக்கு மேல இருந்தா ஓரமா வைக்கச் சொல்லிட்டு, அவங்களே வேற கொடுத்தாங்க. நம்ம பசங்க கை கனமான ஸ்ட்ரைக்கருக்கும் தொய்ஞ்ச போர்டுக்கும் பழகின கை. அங்கே போர்டு கண்ணாடி மாதிரி. இவனுங்க வழக்கமான வேகத்துல அடிக்க, காய் பாக்கெட் வாயில மோதி வெளியே வருது, ஸ்ட்ரைக்கர் போய் உள்ளே விழுது. ஃபைன் மேல ஃபைன். நாலு பேரும் முதல் சுத்துலயே வெளியே. திரும்பி வர்றப்ப பஸ்ல ஒருத்தனும் பேசலை.

அப்பதான் அளவைப் பத்தி விசாரிச்சேன். உலக கேரம் கூட்டமைப்பை 1988-ல ஆரம்பிச்சதே நம்ம சென்னையிலதானாம். அவங்க விதிப்படி ஆடுற பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். பாக்கெட் 4.45 சென்டிமீட்டர். ஸ்ட்ரைக்கர் அகலம் 4.13-க்கு மேல போகக்கூடாது, எடை 15 கிராமைத் தாண்டக்கூடாது. காய் 5-லிருந்து 5.5 கிராம். தந்தம், உலோகம் ரெண்டுலயும் ஸ்ட்ரைக்கர் கூடாது. காரணம் புரியுது. வசதி உள்ளவன் தந்தத்துல வச்சுக்கிட்டு, இல்லாதவன் கொம்புல ஆடினா அது போட்டி இல்லையே.

புது போர்டு இந்த அளவுல வந்ததுதான். பலகை தடிமன். உள்ளங்கையால தட்டினா கணீர்னு கேட்கும். போரிக் பவுடர் ஒரு சிட்டிகை போதும். சுண்டவே வேண்டாம், விரலால தள்ளினாலே காய் கடைசி வரைக்கும் போகுது. நாலு சட்டமும் ஒரே மாதிரி திருப்புது. எங்க பெரியப்பாவுக்கு இது பிடிக்கலை.

"இதுல என்னடா ஆட்டம்? கண்ணை மூடிட்டு அடிச்சாலும் விழும் போலிருக்கே."

"அப்ப அடிங்க பெரியப்பா."

அடிச்சார். காய் விழுந்துச்சு, பின்னாடியே ஸ்ட்ரைக்கரும் விழுந்துச்சு. பக்கத்து மூலையில அடிச்சார், அதேதான். கனமான ஸ்ட்ரைக்கர் காயை அடிச்ச பிறகும் முன்னால ஓடும். அந்தப் பழைய பலகை அதைப் பிடிச்சு நிறுத்திடும். இந்தப் பலகை நிறுத்தாது. ஆடுறவன்தான் நிறுத்தணும். அவருக்குக் கோபம் வந்துடுச்சு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டார்.

அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆசாரி போர்டு விரலுக்குப் பலம் கொடுத்துச்சு, பொறுமை கொடுத்துச்சு. ஆனா அதுல கத்துக்கிட்டது அந்தத் திண்ணையோட முடிஞ்சுபோச்சு. அளவு போர்டுல கத்துக்கிட்டா எந்த ஊருக்கும் எடுத்துட்டுப் போகலாம். சென்னை மரிய இருதயம் ரெண்டு தடவை உலகச் சாம்பியன், 1996-ல அர்ஜுனா விருது வாங்கினவர். 2024-ல அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கின காசிமா, சென்னையில ஆட்டோ ஓட்டுறவர் பொண்ணு. அங்கே இருந்த போர்டும் அந்தப் பொண்ணு இங்கே பழகின போர்டும் ஒரே அளவு. அதுக்கப்புறம் யார் பொண்ணு, எந்தத் தெருங்கிறது போர்டுக்குத் தெரியாது.

எங்க மேலத்தெருவுல எட்டாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு இருக்கு. வீட்டுல சின்னப் பிள்ளைங்க விளையாடுற குட்டி போர்டுல ஆடிக்கிட்டிருந்துச்சு. மன்றத்துத் திண்ணைக்குப் பொம்பளைப் பிள்ளைங்க வர்ற வழக்கம் இல்லை. புது போர்டுக்கு ஊர்ல வசூல் பண்ணினப்ப நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். போர்டு மன்றத்துல வேண்டாம், நூலகத்துல இருக்கட்டும்னேன். ரெண்டு கூட்டம் நடந்துச்சு. "நூலகத்துல சத்தம் வரும்"னாங்க. "இப்ப மட்டும் யார் வந்து படிக்கிறா, தொந்தரவாகிறதுக்கு?"ன்னு கேட்டேன். கடைசியில ஒத்துக்கிட்டாங்க. சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும் பிள்ளைங்களுக்கு, அதுக்கப்புறம் பெரியவங்களுக்கு.

அந்தப் பொண்ணு முதல் வாரம் முழுக்க ஃபைன்தான் கட்டுச்சு. இப்ப ரெட் போட்டு ஃபாலோவும் போடுது. போன வாரம் பெரியப்பா நூலகத்துப் பக்கம் வந்து, ஜன்னல் ஓரமா நின்னு பார்த்துக்கிட்டிருந்தார். "ஏன் பாப்பா, அவ்வளவு மெதுவாத் தள்ளுறே?"ன்னு கேட்டார். "மெதுவாத் தள்ளினாத்தான் தாத்தா, ஸ்ட்ரைக்கர் அங்கேயே நிக்குது"ன்னு சொல்லுச்சு. செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். இப்ப தினமும் ஆறு மணிக்கு வந்துடுறார். ஏழு மணி விதி அவருக்கு மட்டும் செல்லாதுங்கிறது பிள்ளைங்களோட தீர்ப்பு.