யாம் செய்த இறுக்கி

நிலைமொழியும் வருமொழியும் புணருங்கால் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூவகை விகாரம் எய்தும் என நன்னூலிற் கற்று, தேர்விலும் பிழையின்றி எழுதிய யாம், இரும்பும் மரமும் ஒன்றோடொன்று சேருங்கால் எய்தும் விகாரம் இன்னதென அறியாதிருந்தோம். அவ்வறியாமையைப் போக்கியது ஒரு கறிக்கத்தி. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

எம் அன்னையார் திருமண வீடுகளிற் காய்கறி நறுக்கும் தொழில் செய்பவர். எமது கல்லூரிச் சம்பளம் அவர்தம் கத்தியினின்றே வருவது. அக்கத்தி, பழைய லாரிப் பட்டையை அடித்து எம்மூர்க் கொல்லர் செய்து தந்தது. அலகின் பின்னே, பிடியின் முழு நீளத்திற்கும் இரும்பு நீண்டிருக்கும். அதனை ஈண்டு வால் என்போம். வாலின் இருமருங்கும் ஒவ்வொரு மரத்துண்டு வைத்து, பித்தளை ஆணி இரண்டினாற் பிணித்திருந்தனர். 2024 ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் அம்மரம் வெடித்துக் கழன்றது. ஆசாரியாரிடம் கொடுக்கலாம் என்றார் அன்னையார். பசை வாங்கி யாமே ஒட்டிவிடுவோம் என்று தடுத்தோம்.

எப்பாக்சிப் பசையை இரு குழாய்களினின்றும் சம அளவிற் பிதுக்கிக் குழைத்து, புதிய மரத்துண்டுகளிற் பூசி, நண்பர் ஒருவரது பட்டறையிலிருந்த இரும்பு வைஸில் வைத்து, எம் வலிமையெல்லாம் கூட்டி முறுக்கினோம். பசை நாற்புறமும் பிதுங்கி வழிந்தது. அதனைக் கண்டு மகிழ்ந்தோம்; இத்துணை இறுக்கத்திற்கு ஆணியும் வேண்டா எனத் துணிந்தோம். பிடி பார்வைக்கு அழகாகவே அமைந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்றபோது, அன்னையாரின் இடக்கைப் பெருவிரலடியில் நீண்டதொரு தழும்பைக் கண்டோம். கார்த்திகை மாதத்திலே, ஒரு கலியாண வீட்டிற் சேனைக்கிழங்கு அரியும்போது, மரத்துண்டு ஒன்று கழன்று கத்தி திரும்பிற்றாம். 4 தையல், 15 நாள் வேலையில்லை. நாள்தோறும் தொலைபேசியிற் பேசியும் அதனை எமக்கு உரைத்தாரல்லர். ஏன் என்று கேட்டோம். "பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைட்ட இதையெல்லாம் சொல்லவாலே?" என்றார். மறுமொழி கூற நா எழவில்லை.

கழன்ற துண்டை எடுத்துக்கொண்டு ஆசாரியாரிடம் சென்றோம். அவர் அதன் உட்புறத்தை வெயிலிற் காட்டி, "பாருங்க தம்பி, பசை எங்க இருக்கு? நெருக்கிப் பிழிஞ்சு எல்லாத்தையும் வெளிய தள்ளிட்டீங்களே" என்றார். உண்மையே. ஓரங்களிற் பசை திரண்டிருந்தது. நடுவிடம் வறண்டு கிடந்தது. இப்பசை மைதாக் கூழ்போல் நீர் வற்றி உலர்வதன்று. இரு பொருளும் தம்முள் வினைப்பட்டு இறுகுவது. அது மெல்லிய படலமாய் நடுவே தங்கினாலன்றிப் பயனில்லை. எனவே வேண்டுவது அசையாது பற்றுதலேயன்றி நசுக்குதலன்று. மேலும், வாலின் வழவழப்பை யாம் உரசிப் போக்கினோமில்லை. அதிற் படிந்த எண்ணெயைத் துடைத்தோமுமில்லை.

ஆசாரிமார் கிளாம்பு என வழங்குவதை இறுக்கி எனப் பெயரிட்டு, யாமே ஒன்று செய்யத் தொடங்கினோம். 5 அங்குல நீளம், 4 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள வாகைப் பலகை இரண்டினை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூலைக்கொன்றாக 4 துளைகளை ஒருங்கே இட்டோம். தனித்தனியே இட்டாற் போல்ட்டு நேரே செல்லாது. 4 அங்குலப் போல்ட்டுகளும், வாஷர்களும், விரலாற் திருகும் விங் நட்டுகளும் வாங்கினோம். ஸ்பானர் கொண்டு முறுக்கும் நட்டை வேண்டுமென்றே விலக்கினோம். விரல்வலிக்கு மேல் இறுக்க இயலாதிருத்தலே எம் கருத்து. பலகைகளின் உட்புறத்திற் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினோம். மரத்தின் சிறு மேடு பள்ளங்களுக்கு ரப்பர் இணங்கி, அழுத்தத்தை எங்கும் பரப்பும்.

பின்னர் வாலை உப்புத்தாளால் உரசி, அசிட்டோனால் துடைத்தோம். பழைய ஆணித்துளைகளின் வழியே புதிய மரத்தையும் துளைத்தோம். பசை பூசி, பித்தளைக் கம்பித் துண்டுகளைச் செருகினோம். அவை இருத்தலால் மரம் வழுக்கி நகரவில்லை. பிடியைச் சுற்றி, இறுக்கியோடு ஒட்டாதிருக்கப் பாலித்தீன் தாள் வைத்தோம். அலகைத் துணியாற் சுற்றி, முன்னிரு போல்ட்டுகளின் இடையே வெளிவரச் செய்தோம். பலகை சாயாதபடி, எதிரெதிர் மூலைகளாக நட்டுகளைச் சிறிது சிறிதாகத் திருகி, ஓரத்தில் இழைபோற் பசை அரும்பிய அளவில் நிறுத்தினோம். முன்னர் மகிழ்ந்து பார்த்த வழிவு இம்முறை இல்லை.

ஒரு முழுநாள் கழித்து அவிழ்த்து, அரத்தால் தேய்த்து வடிவாக்கினோம். அன்னையார் கையிற் கொடுக்குமுன் ஒரு முழுச் சேனையை யாமே அரிந்தோம். அவர் அடுக்களை வாயிலில் நின்று பார்த்திருந்தார். பின் கத்தியை வாங்கிப் புரட்டி, "பிடி கொஞ்சம் தடிமன்" என்றார். மீண்டும் தேய்த்துக் கொடுத்தோம்.

தை மாதத்து முதல் முகூர்த்தத்திற்கு அதனையே கொண்டுசென்றார். அன்றிரவு பேருந்து நிறுத்தத்திற் காத்திருந்தோம். அவர் இறங்கியதும் யாம் முதலில் நோக்கியது அவர் முகத்தை அன்று, கைகளை.